றாஹிலாவும் சிவப்பு இரசமும்

சாதாரண தரப் பரீட்சையில் றாஹிலாவுக்குச் சித்தி கிடைக்காத பாடம் விஞ்ஞானம் ஒன்றுதான். ஆனால் 1994ஆம் ஆண்டு, இருபத்தாறு வயதில், அவளுக்குக் கிடைத்த அரசாங்க வேலை ஆய்வுகூட உதவியாளர் வேலை. கிழக்கிலங்கைச் சாய்ந்தமருதில் கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவே இருந்த ஒரு பெண்கள் பாடசாலை. காலையில் மேசைகளைத் துடைக்க வேண்டும். சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். அமிலப் போத்தல்களின் மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பிள்ளைகள் உடைத்ததைக் கூட்டி அள்ள வேண்டும். சம்பளம் சிறியது, ஆனாலும் அவளுடைய சொந்தச் சம்பளம். மூன்று வருடம் கூட வாழ்ந்த புருசன், பிள்ளை இல்லை என்று தலாக் சொல்லிவிட்டு மூதூர்ப் பக்கம் போய் வேறு கலியாணம் செய்திருந்த நேரம் அது.

இரசாயனம் படிப்பித்தவர் நல்லரெத்தினம் சேர். கல்முனைத் தமிழ்ப் பகுதியிலிருந்து சைக்கிளில் வருவார். தமிழ், முஸ்லிம் என்று இரண்டு பக்கமும் ஊர் கொந்தளிக்கும் நாட்களில் வராமல் நின்றுவிடுவார். அடங்கியதும் மறுபடி வருவார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை.

ஆய்வுகூடத்தில் இருந்த பொருட்களிலெல்லாம் றாஹிலாவுக்குப் பிடித்தது இரசம். ஊரில் பாதரசம் என்பதைப் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். தடித்த பிளாஸ்டிக் போத்தல், உள்ளங்கைக்குள் பிடிக்கலாம். முதல் நாள் ஒற்றைக் கையால் தூக்கப்போய் அவளுடைய மணிக்கட்டு மடங்கிவிட்டது. இரண்டரைக் கிலோ. சேர் அதில் கொஞ்சத்தைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு இரும்பு நட்டைப் போட்டுக் காட்டினார். நட்டு மிதந்தது. மரக்கட்டை தண்ணீரில் கிடப்பதுபோல அப்படியே மேலே கிடந்தது.

“தொட வேணாம் றாஹிலா. ஆவி கண்ணுக்குத் தெரியாது, ஆளைக் கெடுத்துப்போடும். பாத்தாக் காணும்,” என்றார் சேர்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாணவி காற்றழுத்தம் அளக்கும் பாரமானிக் குழாயைத் தட்டிவிட்டாள். இரசம் தரை முழுக்கச் சிதறி, சீமெந்து வெடிப்புகளுக்குள் ஓடி ஒளிந்தது. றாஹிலா முழங்காலில் நின்று, கடதாசி விளிம்பால் உருண்டைகளை ஒன்றோடொன்று சேர்த்துச் சேர்த்து அள்ளினாள். எட்டாத இடத்தில் கந்தகத் தூளைத் தூவினாள். பின்னேரம் கை கழுவும்போது பார்த்தால், தலாக்குக்குப் பிறகும் விரலிலேயே விட்டிருந்த கலியாண மோதிரம் வெள்ளி போல வெளுத்திருந்தது. பொன்னும் இரசமும் சேர்ந்துகொள்ளும், தட்டாரிடம் கொடுத்துச் சூடுகாட்டினால் மறுபடி மஞ்சளாகும் என்றார் சேர். அவள் கொடுக்கவில்லை. கழற்றி அலுமாரிக்குள் போட்டாள். கழற்றுவதற்கு ஒரு சாட்டு கிடைத்தது போலத்தான் அவளுக்கு இருந்தது.

அவளுக்கு ஒரே தங்கச்சி சுஹறா. சுஹறாவின் மாப்பிள்ளை பதியுதீன் ஓட்டோ ஓட்டினான். அவர்களுக்கு றிஸ்மியா என்று ஒரு மகள். உம்மா மௌத்தாகும்போது விட்டுப்போனவை கடற்கரைப் பக்கம் ஒரு வீடும், கறுப்பு உடம்பில் பொன்னிறப் பூ வரைந்த ஒரு பழைய தையல் மிஷினும். வீடு இளைய மகளுக்கு எழுதப்பட்டிருந்தது. மிஷின் இரண்டு பேருக்கும் என்று வாயால் சொல்லப்பட்டிருந்தது. வீட்டுக்குக் கூரை முடிக்க வேண்டும் என்று 2002இல் சுஹறா சவூதியில் தம்மாமுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பெண்சாதி இல்லாத வீட்டில் மதினியோடு தங்குவது முறையில்லை என்று பதியுதீன் கல்முனைக்குடியில் தன் தாய் வீட்டுக்குப் போய்விட்டான். நாலு வயது றிஸ்மியா றாஹிலாவோடு இருந்தாள். விடுமுறை நாட்களில் ஆய்வுகூடம் கூட்டப் போகும்போது அவளும் கூடப் போவாள். வாங்கில் ஏறி நின்று நட்டு மிதப்பதைப் பார்ப்பாள். றாஹிலா தைத்த சட்டைகளைத்தான் போடுவாள், கடைச் சட்டை வேண்டாம் என்பாள்.

2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை, கடல் வந்தபோது இரண்டு பேரும் வீட்டில் இருந்தார்கள். றாஹிலாவுக்கு நினைவு திரும்பியது பெரிய வீதிக்கு அப்பால், ஒரு கடையின் மேல்தட்டில். யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள். றிஸ்மியாவைக் காணவில்லை.

பதியுதீனும் அவளும் பதினெட்டு நாள் தேடினார்கள். ஆஸ்பத்திரி, பள்ளிவாசல்கள், சம்மாந்துறையில் அகதிகள் நிறைந்திருந்த பாடசாலைகள், அட்டாளைச்சேனைக் கூடங்கள், ஒன்றும் விடவில்லை. முதல் இரண்டு நாளும் அடக்கிய ஜனாஸாக்களில் பலவற்றை யாரும் அடையாளம் பார்த்திருக்கவில்லை, பார்க்க நேரமும் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் றாஹிலா வேலைக்குப் போனாள்.

பாடசாலை இருந்த இடத்தில் தூண்களும் மணலும்தான் இருந்தன. நல்லரெத்தினம் சேர் மண்வெட்டியோடு தனியாக நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

“புள்ள கிடைச்சாளா?” என்று கேட்டார்.

“இல்ல சேர்.”

அவர் தலையசைத்துவிட்டு மற்ற மண்வெட்டி கிடந்த இடத்தைக் காட்டினார். மத்தியானம் வரை கிண்டினார்கள். இரும்பு அலுமாரியை அலை நூறு யார் தூரத்துக்கு அப்பால் தள்ளி, தோணா வாய்க்கால் ஓரத்தில் கடதாசி போல மடித்துப் போட்டிருந்தது. இரசப் போத்தல் மட்டும் எங்கும் போகவில்லை. ஒரு சாண் மணலுக்குக் கீழே, தரையிலேயே, மூடி திறக்காமல் கிடந்தது.

“பாரம்,” என்றார் சேர். “அதுதான் நிண்டிருக்கு.”

றாஹிலா அதைத் துடைத்து, முந்தானையில் சுற்றி, அதிபரின் தற்காலிகக் கொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பதிவுப் புத்தகத்தில் கையொப்பம் இட்டாள். அந்த வருடம் அவள் இட்ட முதல் கையொப்பம். மிஷினும் அந்தக் கிழமைதான் தோணாச் சேற்றுக்குள் அகப்பட்டது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்துத் துடைத்து, ஒரு மாதத்தில் ஓட வைத்தாள்.

சுஹறா தம்மாமில் தொலைக்காட்சியில் பார்த்திருந்தாள். நாலாம் நாள் லைன் கிடைத்தபோது அவள் கேட்டது ஒரே கேள்வி.

“மகள் எங்க?”

“தேடுறம்,” என்றாள் றாஹிலா.

அதற்குப் பிறகு சுஹறா அந்தக் கேள்வியை எந்த நாளும் கேட்கவில்லை. ஊருக்கும் வரவில்லை. காணாமல் போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று பதியுதீன் சொன்னபோது, நான் வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் ஒன்றும் எழுத வேண்டாம் என்று மறித்துவிட்டாள். ஒப்பந்தம் முடிய முடியப் புதுப்பித்துக்கொண்டாள். இரண்டு கிழமைக்கு ஒரு வெள்ளிக்கிழமை போன் வரும். சுகமா, மழையா, வயல் வெட்டியாச்சா என்று கதைப்பாள். பிள்ளையின் பெயர் வராத இடமாகப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் கதைப்பார்கள். குற்றம் சொல்லியிருந்தால்கூட றாஹிலாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுஹறா சொல்லவில்லை.

இப்படியே நாலு வருடத்துக்கு மேல் போனது. வயல் ஓரத்தில் கட்டிய சுனாமி வீட்டுத்திட்டத்தில் றாஹிலாவுக்கு ஒரு வீடு கிடைத்தது. பாடசாலைக்கும் வெளிநாட்டு உதவியில் மாடிக் கட்டிடம் வந்தது. பின்னேரங்களில் அவள் பிள்ளைகளின் சீருடை தைத்தாள்.

2009 ஏப்ரலில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை அல்லாத ஒரு நாள், போன் வந்தது.

“றாத்தா, உம்மாட மிஷின் இரிக்கா?”

“இரிக்கி. ஏன் கா கேக்கிறாய்?”

“ஆருக்கும் குடுத்துப்போடாதீங்க. இஞ்ச சனமெல்லாம் பழைய தையல் மிஷின் தேடித் திரியிது. அதுட ஊசியில ஸிபக் அஹ்மர் இரிக்காம். செவப்பு ரசம். எங்கட மெடத்துட தம்பி ஒரு மிஷினுக்கு லட்சம் றியால் எண்டு சொன்னான். போனப் புடிச்சிப் பாத்தாத் தெரியுமாம். ஊசிக்குக் கிட்டக் கொண்டுபோனா லைன் வெட்டுமாம்.”

“ரசம் செவப்பில்ல புள்ள. வெள்ள. பதினஞ்சு வருசமாப் பாக்கிறன்.”

“உங்கட பள்ளிக்கூடத்து ரசம் வெள்ள. இது வேற.” சுஹறா கொஞ்சம் நிறுத்தினாள். “அது கிடைச்சா நான் வந்திருவன் றாத்தா.”

வந்திருவன் என்ற சொல்லை அவள் வாயால் கேட்டு எத்தனை வருடம் என்று றாஹிலா எண்ணிப் பார்த்தாள். ஊசிக்குள் ஒன்றும் இருக்காது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லாமல், “பாப்பம்,” என்று வைத்துவிட்டாள்.

அன்று பின்னேரமே பதியுதீன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே போனைக் கையில் எடுத்திருந்தான். கூட்டாளி ஒருவனுக்கு எடுத்துக் கதைத்துக்கொண்டே மிஷினுக்குக் கிட்டப் போனான். ஊசிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் போனைப் பிடித்தான். லைன் வெட்டியது.

அவன் போனையும் ஊசியையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாக நாற்காலியில் இருந்தான்.

“மதினி, வெட்டிட்டு.”

“சிக்னல் இல்லாமப் போயிரிக்கும் தம்பி.”

“நீங்க நம்பாட்டி உடுங்க. நான் கண்ணால பாத்தன்.” அவன் குரலில் கோபம் இல்லை. “அவ வந்தாக் காணும் எனக்கு. றியால் என்னத்துக்கு.”

அவனும் பணத்துக்காகப் பேசவில்லை என்பது றாஹிலாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று கிழமைக்குள் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் சின்ன வேனோடு வந்து விலை கேட்டார். மிஷினில் ஒன்றும் இல்லை என்று றாஹிலா சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டு, கேட்ட விலையை இரண்டு மடங்காக்கினார். ஆய்வுகூடத்து றாஹிலாவே இல்லை என்கிறாள் என்றால் கட்டாயம் இருக்கும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கதைத்தார்கள். விற்றுவிட்டால் என்ன என்று ஒரு இரவு அவளும் யோசித்தாள். இல்லாத சாமானை இருக்கிறது என்று நினைத்து வாங்குகிறவனிடம் காசு வாங்கினால் அது ஹராம் என்று பட்டது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருந்தது. பொய்யை நம்பி வருகிற தங்கச்சி, அது பொய் என்று தெரிந்த அன்றைக்குத் திரும்பிப் போய்விடுவாள். அடுத்த நாள் பதியுதீனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்துவிடுவோம், சுஹறாவும் போனில் இருக்கட்டும் என்றாள். பாடசாலை இல்லாத ஒரு நாளாகப் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த நாள் தானாக வந்தது. மே பத்தொன்பதில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அடுத்த நாள் நாடு முழுவதும் விடுமுறை.

மிஷின் தலையைக் கழற்றி, உரச் சாக்கில் போட்டு, ஓட்டோவில் ஏற்றினார்கள். வீதியில் வெடி கொளுத்திக்கொண்டிருந்தார்கள். கடைகளில் சிங்கக் கொடி கட்டியிருந்தது. காவலரணில் ஒரு பொலிஸ்காரன் வாழையிலைத் துண்டில் வெற்றிக் கொண்டாட்டத்துப் பாற்சோற்றை நீட்டினான். நீட்டிக்கொண்டே மற்றக் கையால் சாக்கைத் தட்டிப் பார்த்தான். இரும்புச் சத்தம் கேட்டது.

“மெஷின், மாத்தயா. தையல் மெஷின்,” என்றான் பதியுதீன்.

பொலிஸ்காரன் சாக்கின் வாயைத் திறந்து எட்டிப் பார்த்தான். சிவப்பு இரசக் கதையை அவனும் கேட்டிருந்தவன் போலச் சிரித்து, போகச் சொன்னான்.

ஆய்வுகூடக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே நல்லரெத்தினம் சேர் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அது றாஹிலாவின் வேலை. அவள் முதல் நாளே கழுவி வைத்திருந்தாள். கழுவியதை மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

“சேர், இண்டைக்கு லீவு.”

“ஓம். வீட்ட இருக்க ஏலாமக் கிடந்துது. வந்திட்டன்.”

அவருடைய தங்கச்சி குடும்பம் யுத்தம் நடந்த வன்னியில் இருந்தது. தை மாதத்துக்குப் பிறகு தகவல் இல்லை என்று றாஹிலாவுக்குத் தெரியும். பதியுதீனுக்குத் தெரியாது. அவன் கையில் இருந்த பாற்சோற்றை மேசையில் வைக்கப் போனான். றாஹிலா அதை வாங்கி வெளியே கொண்டுபோய், வெளிமதிலின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

பதியுதீன் கதையை முழுவதும் சொன்னான். சேர் சிரிக்காமல் கேட்டார். கேட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டார்.

“தம்மாமுக்கு எடுங்க தம்பி. ஸ்பீக்கரில போடுங்க.”

சுஹறா வேலை செய்யும் வீட்டுக் குசினியில் இருந்தாள். பாத்திரச் சத்தம் கேட்டது, பிறகு கதவு சாத்தும் சத்தம்.

“தங்கச்சி, நான் நல்லரெத்தினம் சேர்.”

“தெரியும் சேர். எனக்கும் படிப்பிச்சிரிக்கீங்க. எட்டாம் வகுப்பில.”

“அப்ப நல்லது. நான் சொல்லுறதக் கேட்டுக்கொண்டு, லைன் இருக்கா எண்டு மட்டும் சொல்லுங்க.”

அவர் இரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றினார். போனை அதன் ஓரத்தில், கிட்டத்தட்ட முட்டும்படி வைத்தார்.

“இருக்கா?”

“இரிக்கி சேர்.”

பிறகு போனை மிஷினின் ஊசியடியில் வைத்தார்.

“இப்ப?”

“இரிக்கி.”

“அண்டைக்கு வெட்டிச்சு சேர். அல்லா அறிய வெட்டிச்சு,” என்றான் பதியுதீன்.

“அண்டைக்குப் போனில காசு கிடந்ததா தம்பி?”

பதியுதீன் யோசித்தான். காது மடல் சிவந்தது. “பொறவு அம்பது ரூவாக்கிப் போட்டன்,” என்றான். உடனே நிமிர்ந்தான். “ஆனா இது வெள்ள ரசம். நாங்க கேக்கிறது செவப்பு.”

சேர் அலுமாரியைத் திறந்து, பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே மிளகாய்த் தூளையும் மஞ்சளையும் கலந்தது போன்ற நிறத்தில் ஒரு தூள் இருந்தது.

“இதுவும் இரசம்தான். சிவப்பு.”

பதியுதீன் எழும்பிவிட்டான். அவன் அந்தப் போத்தலைப் பார்த்த பார்வையை றாஹிலாவால் நேரே பார்க்க முடியவில்லை. பதினைந்து வருடம் அவள் வாரத்துக்கு ஒருமுறை தூசு துடைத்த போத்தல்களில் அதுவும் ஒன்று.

“இது அரசாங்கம் தந்தது தம்பி. எங்கட பள்ளிக்கூடத்தில மட்டுமில்ல, பல பள்ளிக்கூடத்தில கிடக்கு. இரச ஒட்சைட்டு எண்டு பேர். இதக் கிட்ட வைச்சாலும் லைன் வெட்டாது. தங்கச்சி, இருக்கா?”

“இரிக்கி,” என்றாள் சுஹறா. குரல் தாழ்ந்திருந்தது.

சேர் ஜன்னல்களை எல்லாம் திறந்தார். அவர்களை வாசலடியில் நிற்கச் சொன்னார். தூளில் ஒரு நுள்ளு எடுத்துச் சோதனைக் குழாயில் போட்டு, அடுப்புச் சுவாலையில் காட்டினார். சிவப்பு மெல்லக் கறுத்தது. கொஞ்ச நேரத்தில் குழாயின் மேற்பக்கச் சுவரில் பனி பிடித்ததுபோல ஏதோ படிந்தது. அது சேர்ந்து சின்னச் சின்ன வெள்ளி மணிகளானது.

“செவப்பு எங்க போன?” என்று கேட்டான் பதியுதீன்.

“அது காத்தாப் போயிட்டு. மிச்சம் இதுதான். அந்தக் காலத்து அரபுக்காரரும் இதோட மினக்கெட்டவங்க. எங்கட சித்தரும் மினக்கெட்டவங்க. இதத் தங்கமாக்கலாமெண்டு நினைச்சாங்க, இதக் கட்டி இறுக்கினாச் சாவு இல்லையெண்டு நினைச்சாங்க. ஒருத்தரும் கட்டல்ல.” சேர் அடுப்பை அணைத்தார். வெளியே எங்கோ வெடிச் சரம் ஒன்று நெடுநேரம் வெடித்தது. அவர் குழாயைத் தாங்கியில் செருகினார்.

“சேர்,” என்று போன் கூப்பிட்டது. “மிஷினக் களட்டிப் பாருங்க. பாத்துட்டு றாத்தாவே சொல்லட்டும்.”

றாஹிலா முன்னே வந்தாள். ஊசியைக் கழற்றிக் குறடால் இரண்டாக முறித்தாள். வெள்ளைக் கடதாசியில் போட்டுப் பார்த்தாள். “ஊசியில ஒண்டும் இல்ல புள்ள. உள்ளுக்கு ஓட்டையே இல்ல. முழு உருக்கு,” என்று போனுக்குச் சொன்னாள். பக்கத் தகட்டைக் கழற்றினாள். “இஞ்சயும் ஒண்டும் இல்ல. பழைய எண்ண, நூல்.” அடித்தகட்டின் நாலு ஆணியையும் திருப்பினாள். ஒரு ஆணி துருப்பிடித்து இறுகியிருந்தது. பதியுதீன் பிடித்துத் திருகினான். தகடு விலகியதும், எண்ணெயும் மண்ணெண்ணெயும் நாலு வருடமாக எட்டாத ஒரு மூலையிலிருந்து கடதாசியில் ஏதோ பொலபொலவென்று கொட்டியது.

அவள் அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“என்ன றாத்தா?”

“மண்.”

“என்ன மண்?”

“கடல் மண், புள்ள.”

போனில் ஒன்றும் கேட்கவில்லை. லைன் வெட்டிவிட்டதோ என்று பதியுதீன் குனிந்து பார்த்தான். வெட்டவில்லை; நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சேர் வெளியே விறாந்தைக்குப் போனார்.

“அப்ப ஒண்டும் இல்லயா?” என்றாள் சுஹறா கடைசியில்.

“ஒண்டும் இல்ல.”

“நான் என்னத்தச் சொல்லிட்டு வாற றாத்தா? ஏன் வாறன் எண்டு என்னத்தச் சொல்ற?”

“ஒண்டும் சொல்லத் தேவல்ல. வா.”

பதியுதீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். போனில் காசு முடியும் வரை யாரும் வைக்கவில்லை.

பிறகு நாற்பது நாள் சுஹறாவிடமிருந்து அழைப்பு இல்லை. அக்கரைப்பற்றுக்காரர் இன்னொரு தடவை வந்தார்; கழற்றிய மிஷினைப் பார்த்ததும், சாமானை எடுத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு போனார். றாஹிலா மிஷினைப் பூட்டிப் புது ஊசி போட்டாள். ஓடியது, ஆனால் முன்னைவிடச் சத்தம் கூட. ஆடி மாதம் நல்லரெத்தினம் சேருக்குச் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தங்கச்சியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள், மாப்பிள்ளை இல்லை என்று எழுதியிருந்தது. சேர் அதை றாஹிலாவுக்கு வாசித்துக் காட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

நோன்புக்குப் பத்து நாள் இருக்கும்போது சுஹறா வந்து இறங்கினாள். ஒரு பெரிய பெட்டி, ஒரு கம்பளிப் போர்வை. மெலிந்திருந்தாள், முன்மயிர் நரைத்திருந்தது. இரண்டு நாள் உறங்கினாள். மூன்றாம் நாள் காலை, குசினியில் றாஹிலா மாப் பிசைந்துகொண்டிருக்கும்போது வந்து நிலத்தில் இருந்தாள்.

“அண்டைக்கு என்ன சட்ட போட்டிருந்தா?”

“நீலம். வெள்ளப் புள்ளி. நான் தைச்சது.”

“செருப்பு?”

“போடல்ல. எடுக்க நேரமில்ல.”

“காலையில திண்டாளா?”

“ரொட்டி. பாதி திண்டா. மிச்சத்தப் பொறவு தின்றன் எண்டா.”

“அதுக்குப் பொறவு நடந்ததச் சொல்லுங்க,” என்றாள் சுஹறா.

றாஹிலா சொன்னாள். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்ததையும், கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை வழியாக ஓடியதையும், தண்ணீர் முழங்காலுக்கு வந்து இடுப்புக்கு வந்ததையும், பிள்ளையைத் தூக்கியதையும், பக்கத்து வளவு மதில் இரண்டு பேர் மேலும் சரிந்ததையும் சொன்னாள். “அதுக்குப் பொறவு எனக்குத் தெரியா. தெரிஞ்சாச் சொல்லியிரிப்பன்.” யாருக்கும் அவள் இதை முழுவதும் சொன்னதில்லை. சுஹறா இடையில் மறிக்கவில்லை. முடிந்ததும் எழுந்து, அடுப்பில் தீ தாழ்ந்திருந்ததைப் பார்த்து விறகைத் தள்ளினாள். அன்றிரவு சுஹறா தன் பாயை இழுத்துக் கொண்டுவந்து றாத்தாவின் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள்.

தம்மாமுக்கு அவள் திரும்பிப் போகவில்லை. பதியுதீன் தன் தாயின் வளவில் ஒரு அறை கட்டத் தொடங்கினான்.

அடுத்த திங்கட்கிழமை மூன்று பேரும் பிரதேச செயலகத்துக்குப் போனார்கள். காலம் பிந்திய மரணப் பதிவு என்று ஒரு படிவம் இருந்தது. எழுதியவள் இளம் பெண். பெயர், வயது, தாய், தகப்பன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பினாள்.

“மரணம் நடந்த இடம்?”

பதியுதீன், கடல் என்று சொல்ல வாயெடுத்தான். றாஹிலா, ஒழுங்கை என்றாள். எழுதுகிறவள் பேனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருவரையும் பார்த்தாள்.

“வீடெண்டு போடுங்க,” என்றாள் சுஹறா. “எங்கட வீடு.”

“விலாசம்?”

கடற்கரைப் பக்கத்துப் பழைய வீட்டின் இலக்கத்தை றாஹிலா சொன்னாள். எழுதுகிறவள் எழுதிவிட்டு, இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னாள்.